நாணல் மூச்சு விடும் இடம்

என் மனைவி வானத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். நான் தரையைப் பார்த்து வாங்குகிறவன். இருவருக்கும் ஒரே அலுவலகம், ஒரே மாடி, எதிரெதிர் அறை. அவள் அறையில் தொலைநோக்கிகளும் ஜன்னலை ஒட்டி ஒரு நல்ல நாற்காலியும் உண்டு. என் அறையில் சல்லடைகள், வாளிகள், தண்ணீர் சரியாக இறங்காத ஒரு தொட்டி, அப்புறம் நாற்றம். சதுப்பு நிலத்துச் சேற்றைப் புட்டியில் அடைத்து வைத்து ஒரு வாரம் கழித்து மூடியைத் திறந்தவர்களுக்கு அது புரியும். அலுவலகத்தில் அவள் ‘பறவை மேடம்’, நான் ‘சேறு சார்’. இதில் எனக்கு வருத்தமே கிடையாது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

வீட்டில் சதுப்பு நிலத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று கல்யாணமான புதிதிலேயே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். அதை மீறுகிறவள் எப்போதும் அவள்தான். நான் பேசினால் அது மீறல் இல்லை, அவசரம்.

ஏரி என்றும் சொல்ல முடியாது, வயல் என்றும் சொல்ல முடியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீரோடு ஊருக்கு வெளியே பரந்து கிடக்கும் நிலம் அது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே குட்டைக்கோரை இருந்தது. கோரைக்கு நடுவே பெயர் தெரிந்ததும் தெரியாததுமாக எத்தனையோ நீர்ப்பூண்டுகள். அவற்றுக்கு இடையில் வெயில் படும் வெறும் சேறு. அந்தச் சேற்றில் ஒரு கை அள்ளினால் நத்தை, புழு, தும்பியின் குஞ்சு என்று கை முழுக்கக் குறுகுறுக்கும்.

அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான், தன் விடுதியின் முன்னால் அழகாக இருக்கட்டும் என்று வெளியூரிலிருந்து ஒரு நாணலைக் கொண்டுவந்து நட்டான். இரண்டு ஆள் உயரம், உச்சியில் வெள்ளிக் கொண்டை. பார்க்க அழகுதான், அதை மறுக்கவில்லை. மழைநீர்க் கால்வாய் வழியாக அது சதுப்புக்குள் இறங்கிய பிறகு நாங்கள் அதற்குக் கொண்டைநாணல் என்று பெயர் வைத்தோம். நான் தனியாக வைத்திருக்கும் பெயர்களை இங்கே எழுத முடியாது.

அது எதையும் அடித்துக் கொல்லாது. நிழலைப் போடும், உதிர்ந்த இலையைப் போடும். அந்த இலை சீக்கிரத்தில் மக்காது. வருஷா வருஷம் ஒன்றின்மேல் ஒன்றாக மெத்தை கட்டும். மெத்தைக்கு அடியில் விழுந்த கோரை விதைக்கு வெளிச்சம் எட்டாது. சேற்றுக்குள் காற்று போகாது. வண்டல் அந்தத் தண்டுகளுக்கு நடுவே சிக்கிச் சிக்கித் தரை மேடாகும். மேடான இடத்தில் நாணலுக்குத்தான் கொண்டாட்டம். போன வருஷக் கணக்குப்படி, நிலம் முழுக்க அதுதான். மேற்குக் கரையோரம் மட்டும் ஒரு கீற்றுக் கோரையும் பழைய சேறும் மிச்சம் இருந்தன. என் உத்தியோகத்தில் எனக்கு மிஞ்சியது அந்தக் கீற்றுதான்.

அவளுக்கு மிஞ்சியது ஒரு ஜோடிக் கானாங்கோழி. கோழி என்ற பெயரைக் கேட்டுப் பெரிதாக நினைக்க வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் பழுப்புப் பறவை, பறப்பதைவிட நடப்பதே அதிகம், ஆளைக் கண்டால் மறைந்துவிடும். ஒரு காலத்தில் அங்கே நிறைய இருந்தன. ஒவ்வொரு வருஷமும் முட்டையிடும், பொரிக்கும், கரியில் உருட்டியெடுத்த பஞ்சுபோல் குஞ்சுகள் வெளியே வரும். ஒரு வாரத்தில் ஒன்றும் இருக்காது. காக்கைதான் காரணம் என்று அவள் தீர்மானமாக நம்பினாள். எங்கள் மொட்டைமாடிப் பக்கம் ஒரு காக்கை உட்கார்ந்தால்கூட அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

இந்த வருஷம் நாணலை வெட்டுவது என்று முடிவாயிற்று. வெட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. கொண்டைநாணலின் தண்டு உள்ளே வெறும் குழலாக இருக்கும். காற்று அந்தக் குழல் வழியாக இறங்கித்தான் சேற்றுக்குள் ஓடும் அடித்தண்டுக்கு மூச்சுக் கொடுக்கிறது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கையைவிட்டு அதை அறுத்துவிட்டால், குழலுக்குள் தண்ணீர் புகுந்து அடித்தண்டு மூச்சுத் திணறிச் சாகும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே அறுத்தால் முடி வெட்டிவிட்ட மாதிரி, இன்னும் செழிப்பாக வரும். ஆகவே தண்ணீர் நிறைந்திருக்கும்போதே வேலையை முடிக்க வேண்டும். கோடை நெருங்கினால் கீழே இருக்கும் வயல்களுக்காக மதகைத் திறந்துவிடுவார்கள். அதற்குள் வெட்டாவிட்டால் அடுத்த வருஷம் என் மேற்குக் கீற்றும் போய்விடும்.

வெட்டு ஆரம்பிக்க இருந்த வாரத்தில் அவள் கானாங்கோழியின் கூட்டைக் கண்டுபிடித்தாள். நாணல் காட்டுக்கு நட்டநடுவில், நிறைய முட்டைகளோடு.

எங்கள் பிரிவுத் தலைவர் நல்ல மனிதர், ஆனால் ஒரு வம்பிலும் தலையைக் கொடுக்காதவர். புருஷனும் பெண்டாட்டியும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் எனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். ஒப்பந்தம் அன்றிரவு சாப்பாட்டு மேசையிலேயே மறுபடி உடைந்தது. அவள் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னாள். பொறுத்தால் தண்ணீர் பொறுக்காது என்று நான் சொன்னேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினாள். அந்தச் சத்தத்திலேயே எனக்குப் பாதி உயிர் போயிற்று.

கடைசியில் நான்தான் இறங்கிவந்தேன். கூட்டைச் சுற்றி ஒரு வட்டம் விட்டுவிட்டு மற்றதை வெட்டலாம் என்றேன். எவ்வளவு பெரிய வட்டம் என்று அவள் கேட்டாள். பறவை மிரளாத தூரம் எவ்வளவோ அவ்வளவு, நீயே சொல் என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் கொஞ்சம் பெரிய வட்டம்கூடக் கொடுத்திருப்பேன்.

வெட்டும் படகை ஓட்டுகிறவன் என் மச்சினன், அவளுடைய தம்பி. அலுவலகத்தில் பாதிப் பேர் எங்கள் குடும்பம் என்று வெளியே கேலி உண்டு, மீதிப் பாதி தலைவரின் குடும்பம் என்பதால் யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. அவன் படகின் முன்னால் கத்திப் பட்டையை நீருக்குள் இறக்கி, ஒரு சவரம் மாதிரி சுத்தமாக வெட்டிக்கொண்டே போனான். இரண்டு வாரத்தில் நிலம் முழுக்கத் தண்ணீர் தெரிந்தது. நடுவில் ஒரே ஒரு நாணல் தீவு, அதற்குள் அவளுடைய பறவை. அவள் கரையில் மறைப்புத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

வெட்டிய இடத்தில் அடிக்கட்டை எந்த அளவுக்கு அழுகியிருக்கிறது என்று பார்க்க நான் இறங்கினேன். கையை விட்டு ஒன்றைப் பிடுங்கினேன். அழுகி, கொழகொழவென்று, என் அறை நாற்றத்தோடு வந்திருக்க வேண்டும். வந்தது வெள்ளை வெளேரென்று, நகத்தால் கீறினால் பால் சுரக்கும் போல உறுதியாக. இன்னும் தள்ளிப் போய் இன்னொன்று. அதுவும் அப்படியே. நாலாபுறமும் போய்ப் பார்த்தேன். எதுவும் சாகவில்லை.

அப்போதுதான் உறைத்தது. சேற்றுக்கு மேலே ஆயிரம் தண்டு, சேற்றுக்குக் கீழே எல்லாம் ஒரே செடி. அடித்தண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அந்தத் தீவு வரைக்கும் ஓடுகிறது. தீவில் நிற்கும் நாணல் மூச்சை இழுத்துக் காடு முழுவதற்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. இது பறவை மேடத்துக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மண்ணுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கென்றே வைத்திருக்கும் ஆள் நான். மண்ணுக்கு மேலே இருந்த ஒரு சிரிப்பைப் பார்த்து வட்டம் போட்டிருக்கிறேன். இடுப்பளவுக்குத் தண்ணீரில் நின்று என்னை நானே திட்டிக்கொண்டது கரையில் இருந்த என் மச்சினனுக்குக் கேட்டிருக்கும், அவன் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தான்.

மதகு திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. முட்டை பொரிக்கவும் ஏறக்குறைய அவ்வளவு நாள்தான் என்று அவள் சொல்லியிருந்தாள். நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்று மாலை அவள் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்துத் தயாராகப் போயிருந்தேன். அவள் கத்தவில்லை. மேசையைப் பார்த்தபடியே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“பொரிச்சா பிழைக்குமா?”

“அது உனக்குத்தானே தெரியும்?”

“காக்காய விடுங்க. திங்கறதுக்கு அங்க என்ன இருக்குன்னு கேக்கறேன்.”

இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் சேற்றைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. கையைப் பிடித்து என் அறைக்கு அழைத்துப் போனேன். நாணல் காட்டிலிருந்து எடுத்த சேறு ஒரு வாளியில் இருந்தது. அதைச் சல்லடையில் அலசி, மிச்சத்தை வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு ஊற்றி விளக்கைப் போட்டேன். கறுப்பு இலைத் துணுக்குகள், நார், மறுபடி இலை. அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏதாவது நகரும் என்று காத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. கலங்கல் அடங்கி, தட்டின் அடி தெளிவாகத் தெரியும் வரை காத்திருந்தாள். ஒன்றும் நகரவில்லை.

இரண்டாவது தட்டில் மேற்குக் கீற்றின் சேற்றை ஊற்றினேன். ஊற்றிய கையை எடுப்பதற்குள் தட்டு முழுக்கத் துடித்தது. சிவப்புப் புழுக்கள், கடுகளவு நத்தைகள், தும்பிக் குஞ்சு ஒன்று இன்னொன்றைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது.

“அப்ப எல்லாக் குஞ்சும் பட்டினியிலயா செத்துச்சு?” என்றாள்.

 இந்தத் தட்டுகளை அவளுக்கு முன்பே காட்டியிருக்கலாம். அவளும் எதிர் அறைக் கதவைத் தட்டியிருக்கலாம். வீட்டில் பேசக்கூடாது என்று ஒப்பந்தம் போட்ட இரண்டு மேதாவிகள் அலுவலகத்திலும் பேசாமல் இருந்திருக்கிறோம். நாணல் குஞ்சுகளை ஒளித்து வைத்தது, மறைவிடம் கொடுத்தது, ஒரு வாய் உணவு கொடுக்கவில்லை. தாய்ப்பறவை எத்தனை தூரம் தேடினாலும் அந்த மெத்தைக்குக் கீழே எடுக்க ஒன்றும் இல்லை.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“தீவையும் வெட்டிடுங்க. இந்த வருஷம் போனாப் போகட்டும். இனிமே வர்றதாவது பிழைக்கும்.”

மறுநாள் காலை அவள் கரைக்கு வரவில்லை. நானும் மச்சினனும் படகில் போனோம். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள், கையெழுத்தும் போட்டுவிட்டாள். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். படகில் ஏறியதிலிருந்து தீவின் பக்கம் நான் திரும்பவே இல்லை. தீவை நெருங்கியதும் மச்சினன் எஞ்சின் வேகத்தைக் குறைத்தான். தண்டுகளுக்கு இடையில் அது உட்கார்ந்திருந்தது. நூறடிக்கு அப்பால் நிழல் பட்டாலே ஓடி மறைகிற பறவை, படகு இவ்வளவு பக்கத்தில் வந்தும் அசையவில்லை. முட்டையை விட்டு எழுந்திருக்க அதற்கு மனசில்லை.

“மாமா, அது எந்திரிக்க மாட்டேங்குது,” என்றான் மச்சினன். கத்திப் பட்டையை இறக்கும் விசைமேல் அவன் கை இருந்தது. அவன் என்னைத்தான் பார்த்தான்.

“எஞ்சினை அணை,” என்றேன்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் கட்சி மாறிவிட்டது. பறவைக்காரி வெட்டு என்கிறாள், சேற்றுக்காரன் வெட்ட மாட்டேன் என்கிறான். எரிச்சலில் துடுப்பை எடுத்துச் சேற்றில் ஓங்கிக் குத்தினேன். முனை எதிலோ பட்டு நின்றது. அடித்தண்டு. இன்னொரு முறை குத்தினேன், நறுக்கென்று அறுந்தது. மேலே வெட்டினால்தானே பறவைக்கு ஆபத்து? கீழே, தீவைச் சுற்றி அகழி மாதிரி அடித்தண்டுகளை மட்டும் அறுத்துவிட்டால் தீவு தனக்கு மட்டும் மூச்சு விட்டுக்கொள்ளும். வெளியே இருப்பதெல்லாம் தண்ணீருக்குள் கிடந்து சாகும். இதை முதல் நாளே யோசித்திருந்தால் நான் நிஜமாகவே சேறு சார்.

எஞ்சின் கூடாது, பேச்சுக் கூடாது, கையால்தான் செய்ய வேண்டும். நீளக் காம்பு போட்ட தட்டையான மண்வெட்டிகளோடு இறங்கினோம். மத்தியானம் அவள் கரைக்கு வந்து, இன்னும் தீவு நிற்பதைப் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு, வெட்டச் சொன்னேனே என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். கிட்டே போய் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். இரண்டு அடி நடப்பதற்குள் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். என் மச்சினன் சிரித்ததற்கு இன்றுவரை அவனுக்கு வீட்டில் மரியாதை இல்லை.

குஞ்சுகள் தீவிலிருந்து மேற்குக் கரைக்கு எப்படிப் போகும் என்பது அவளுடைய கவலை. வெட்டவெளித் தண்ணீரில் அவை இறங்காது, இறங்கினாலும் காக்கை விடாது. காக்கையை அவள் முழுக்க மன்னித்துவிடவில்லை. வெட்டிக் கிடக்கும் நாணலையே பரப்பிப் பாதை போடலாம் என்றாள். பச்சைத் தண்டின் ஒவ்வொரு கணுவும் ஈரத்தில் வேர் விடும், இன்னொரு காடு வரும் என்று நான் அலறினேன். ஆகவே போன வருஷத்துச் செத்த தண்டுகளாகப் பொறுக்கினோம். ஒவ்வொன்றையும் ஒடித்து, உள்ளே பச்சை இல்லை என்று பார்த்து, அடுக்கடுக்காக மிதக்கவிட்டுக் கட்டி, மேலே காய்ந்த இலையைக் கூரையாகப் போட்டோம். தலைவரிடம் கெஞ்சி மதகு திறப்பைச் சில நாள் தள்ளிப்போட வைத்தோம். அதற்கும் இருவர் கையெழுத்து வேண்டுமென்றார்.

முட்டை பொரித்தது. கறுப்புப் பஞ்சுகள் கூட்டின் விளிம்பில் தெரிந்ததை அவள் பார்த்தாள். மறுநாள் கூடு காலியாக இருந்தது. பாதையின் கூரைக்குக் கீழே எது போனது, எத்தனை போயின, போய்ச் சேர்ந்தனவா என்று ஒருவருக்கும் தெரியாது. தீவை அவளே அறுத்தாள். கையரிவாளைத் தண்ணீருக்குள் விட்டு ஒவ்வொரு தண்டாக அறுத்தாள். நான் உதவிக்குப் போனபோது வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பாதையையும் அவிழ்த்துக் கரையேற்றினோம். கொஞ்ச நாளில் மதகு திறந்தது. இந்த முறை அடிக்கட்டைகளைப் பிடுங்கியபோது பெரும்பாலானவை நாறிக்கொண்டு வந்தன. எனக்கு அந்த நாற்றம் அவ்வளவு இனித்தது.

அவளுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. விடிந்ததும் தட்டிக்குப் பின்னால் போய் உட்காருவாள். மேற்குக் கரையைத் தொலைநோக்கியால் அலசுவாள். வெயில் ஏறியதும் திரும்பி வருவாள். நான் ஒன்றும் கேட்பதில்லை, அவள் முகத்திலேயே இருக்கும். சில வாரத்துக்குப் பிறகு போவதை நிறுத்திவிட்டாள். எல்லா வருஷமும் போலத்தான், விடுங்க என்றாள். அதைச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை.

மாதாமாதம் மேற்குக் கீற்றில் மண் எடுப்பது என் வேலை. தண்ணீர் வடிந்து சேறு பிசுபிசுவென்று மின்னிக்கொண்டிருந்தது. மண்டியிட்டு மண் எடுக்கும் குழாயை ஊன்றப் போனேன். கை அப்படியே நின்றுவிட்டது. சேற்றில் கால்தடம். மூன்று நீள விரல் முன்னால், ஒன்று பின்னால். கோரையிலிருந்து புறப்பட்டு, அங்கங்கே நின்று, அலகால் குத்திய துளைகளை விட்டுவிட்டு மறுபடி கோரைக்குள் போயிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசை. பக்கத்திலேயே இன்னும் ஒன்று.

அவளை அழைத்து வந்தேன். தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்தவள் தடத்தைக் கண்டதும் அதைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். மண்டியிட்டாள். விரலை மேலே படாமல் வைத்து அளந்தாள். அடுத்த வரிசையை அளந்தாள். அதற்கு அடுத்ததையும் அளந்தாள்.

“ரெண்டு பெரிய கால், அது அப்பா அம்மா,” என்றாள். “இது கொஞ்சம் சின்னது. ஆனா குஞ்சுக் கால் இல்லைங்க. வளர்ந்த கால்.”

 சேற்றில் கையை ஊன்றி உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், வெட்கமெல்லாம் பட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உங்கள் வேலையைப் பாருங்கள் என்றாள். கன்னத்தில் எல்லாம் சேறு. நான் குழாயைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன். அன்றைக்கு அந்த இடத்தில் மண் எடுக்கவில்லை.